மாத்தறை வைரம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைனில் பிறந்து வளர்ந்தவன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ராத்திரியில் குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். உங்கள் தளத்தை ரொம்ப நாளாக வாசித்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை.

உலகத்தில் வைரம் எங்கெங்கே, எந்த வரிசையில் கிடைத்தது என்று தெளிவாகச் சொல்ல முடியுமா? யூடியூபில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். கேட்பதற்கு ஒரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கல் இருக்கிறது. 1974-ல் சிலோனிலிருந்து வரும்போது தாத்தா கொண்டுவந்தது. பாட்டியின் ரவிக்கை மடிப்பில் வைத்துத் தைத்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்களாம். பட்டை தீட்டிய கல், நிறம் கிடையாது, மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும். வைரம் என்றுதான் வீட்டில் பேச்சு. ஆனால் தாத்தா இரத்தினக்கல் தோண்டுகிற இரத்தினபுரி பக்கம் சும்மா குழியில் கூலி வேலைதான் பார்த்தார். அவருக்கு எப்படி வைரம் கிடைத்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். மாமா சுத்தியலால் ஒரு அடி போட்டால் தெரிந்துவிடும், வைரமாக இருந்தால் உடையாது என்கிறார். பாட்டி கல்லைக் கையில் தரமாட்டேன் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள். நீலகிரியில் வைரம் இருப்பது வெள்ளைக்காரனுக்குத் தெரியும், அதை மறைக்கத்தான் தேயிலை நட்டான் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? தோஷமுள்ள வைரம் வீட்டில் இருந்தால் குடும்பம் முன்னேறாது என்கிறார்களே, அது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருப்பூர்)

அன்புள்ள தம்பி,

முதலில் மாமாவிடமிருந்து சுத்தியலை வாங்கி எங்காவது ஒளித்து வையுங்கள். வைரத்தை வேறு எந்தக் கல்லாலும் கீற முடியாது என்பது உண்மை. அடித்தால் உடையாது என்பது பொய். வைரத்துக்குள் சில திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு; அந்தத் திசையில் அடி விழுந்தால் ஒரே தட்டில் இரண்டாகிவிடும். 3,106 காரட் இருந்த கல்லினன் வைரத்தை 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் அப்படித் தட்டித்தான் பிளந்தார்கள். முதல் தட்டில் எஃகுத் தகடு முறிந்ததாம், அடுத்ததில் கல் பிளந்தது. சுத்தியலும் அடைகல்லும் உடையுமே தவிர வைரம் உடையாது என்று ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அதை நம்பி எத்தனை நல்ல கற்கள் தூளாயினவோ. உங்கள் மாமா பிளினியைப் படித்திருக்க மாட்டார். இந்த மாதிரிச் சங்கதிகள் யாரும் படிக்காமலேயே இரண்டாயிரம் வருடம் நடந்து திருப்பூர் வரைக்கும் வந்துவிடும்.

தோஷம்: கிடையாது. அடுத்தது.

பட்டியல் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்துக்கு வைரம் என்றால் இந்தியாதான்: கிருஷ்ணா, பெண்ணாற்றுப் பக்கங்கள், மகாநதியில் சம்பல்பூர், மத்திய இந்தியாவில் பன்னா. போர்னியோவிலும் கொஞ்சம் கிடைத்தது. 1720-களில் பிரேசில். 1867-ல் தென்னாப்பிரிக்கா. 1908-ல் இன்றைய நமீபியா, அதே காலத்தை ஒட்டிக் காங்கோவும் பிறகு அங்கோலாவும். 1930-ல் சியரா லியோன். 1954-ல் சைபீரியா. 1967-ல் போட்ஸ்வானா, 1979-ல் ஆஸ்திரேலியாவின் ஆர்கைல், 1991-ல் கனடாவின் வடகோடி. கோல்கொண்டா சுரங்கம் என்று தேர்வில் வந்தால் உஷாராக இருங்கள். கோல்கொண்டா என்பது கோட்டையும் சந்தையும். பேர்போன கற்கள் பலவும் வந்தது கிருஷ்ணா கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து. அந்தக் கொல்லூர் இன்று புலிச்சிந்தலா நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. போதுமா? ஒரு மார்க் வரும்.

ஆனால் இந்தப் பட்டியலோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. படிக்கிறவருக்கு என்னவோ 1867-ல்தான் தென்னாப்பிரிக்காவில் வைரம் முளைத்தது மாதிரித் தோன்றும். பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவான கல் அது. பல வைரங்களுக்கு வயது 100 கோடி வருடத்திலிருந்து 300 கோடி வருடத்துக்கு மேல். கிம்பர்லைட் என்கிற எரிமலைக் குழம்பு அவற்றை மேலே தூக்கிவந்து போட்டது மனிதன் தலையெடுப்பதற்கு வெகு முன்பு. அப்படியானால் 1867-ல் புதிதாக அங்கே வந்து சேர்ந்தது என்ன? அதைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்த ஒரு ஜோடிக் கண். பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு வருடத்துக்குப் பின்னாலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பல இடங்களில் அவர் கூலிக்காரர், அடிமை, ஆடு மேய்ப்பவர்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் இதே எரிச்சலில்தான் இருந்தேன். டிவியில் ஒரு செய்தி காட்டினார்கள். ஆந்திராவில் கர்னூல் மாவட்டத்து ஜொன்னகிரி, துக்கலி, பக்கத்து மாவட்டத்தில் வஜ்ரகரூர். முதல் மழை பெய்ததும் எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து அடுத்தவர் காட்டில் குனிந்தபடி வைரம் தேடுவார்கள். மழை மேல்மண்ணை அரித்துவிடும், கல் வெளியே தெரியும். வருடா வருடம் நடப்பதுதான். செய்தி வாசித்த பெண் ‘ஒரே நாளில் லட்சாதிபதி ஆகும் ஆசை’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரரும் ‘உழைக்காமல் சாப்பிட நினைக்கிற கூட்டம்’ என்றார். ஈர மண்ணில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை குனிந்து ஓர் அடி, இன்னொரு அடி என்று நகர்வது உழைப்பில்லையாம்! வெங்கச்சங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் உப்புக்கல் மாதிரிப் பளபளக்கிற இன்னும் பத்து வகையும் இறைந்து கிடக்கிற நிலத்தில், ஈரத்திலும் எண்ணெய் தடவியது போல வேறு விதமாக மினுங்கும் ஒன்றைப் பிரித்தெடுப்பது அத்தனை லேசா? நான் அங்கே போய் நின்றால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி 17-ஆம் நூற்றாண்டில் நம் வைரச் சுரங்கங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கொல்லூரில் மட்டும் அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாகச் சொல்கிறார். எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை. சுரங்கத்து ஊரில், சதுக்கத்து மரத்தடியில், பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரைக்குமான வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களாம். இடுப்பில் ஒரு பக்கம் எடைக்கல் பை, இன்னொரு பக்கம் பணப்பை. யாராவது கல் கொண்டுவந்தால் இருப்பதில் பெரிய பையன் கையில் கொடுப்பார்கள். அவன் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் தருவான். ஒரு பேச்சில்லாமல் கல் வட்டம் சுற்றி வரும். பிறகு அந்தப் பெரிய பையன் விலை பேசுவான். கல்லின் நீரோட்டத்தை ராத்திரியில்தான் பார்த்தார்களாம். சுவரில் ஒரு சதுரமான மாடம், அதில் தடித்த திரி போட்ட விளக்கு, அந்த வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு விரலுக்கு நடுவில் கல். இந்தப் பிள்ளைகள் யாரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பிரேசிலுக்கு வருவோம். தங்கம் அரித்தவர்கள் அங்கே வைரத்தைச் சீட்டாட்டத்துக்குக் காயாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்களாம். கோவாவில் இருந்துவிட்டு வந்த ஒருவர் கண்ணில் பட்ட பிறகுதான் அது என்னவென்று தெரிந்ததாம். கொஞ்சம் கதை கலந்திருக்கலாம், இருக்கட்டும். இந்தியக் கல்லைப் பார்த்துப் பழகிய கண் வேண்டியிருந்தது என்பதைக் கதைகூட மறைக்கவில்லை பாருங்கள். அதற்கப்புறம் போர்ச்சுகல் அரசு அந்த வட்டாரத்தையே வேலி போட்ட மாதிரி மூடி, ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து ஆற்றுச் சரளையை அலசியது. பதினேழரை காரட் எடையுள்ள கல்லை எடுத்துக் கொடுக்கிற அடிமைக்கு மாலை போட்டு விடுதலை தருவார்களாம். பதினாறு காரட் எடுத்தவருக்கு விடுதலை கிடையாது. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு பண்ணை வீட்டுப் பையன் விளையாட வைத்திருந்த கல்தான் முதல் கல். 21 காரட்டுக்குக் கொஞ்சம் மேல். பக்கத்துப் பண்ணைக்காரர் விலைக்குக் கேட்டபோது ‘கூழாங்கல்லுக்கு யாராவது காசு வாங்குவார்களா’ என்று பையனின் அம்மா சும்மாவே கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து கிரிக்வா இனத்து இடையர் ஒருவர் 83 காரட் கல்லோடு அதே பண்ணைக்காரரிடம் வந்தார். இவர் அந்தப் பையனின் அம்மா மாதிரி ஏமாறவில்லை. 500 ஆடு, பத்து மாடு, ஒரு குதிரை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பண்ணைக்காரர் அதை 11,200 பவுனுக்கு விற்றார் என்பது வேறு. 1871-ல் கிம்பர்லி வைரச் சுரங்கம் ஆகப்போகிற குன்றில் முதல் கல்லை எடுத்தவர் டாமன் என்கிற சமையல்காரர். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார் என்று தண்டனையாக அந்தக் குன்றில் போய்த் தோண்டு என்று அனுப்பியிருந்தார்களாம்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது சகரியாஸ் லெவாலாவைப் பற்றி. 1908 ஏப்ரல். ஜெர்மன்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய நமீபியா. லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து பாலைவனத்துக்குள் போகிற ரயில் பாதை. அந்தப் பாதையில் காற்று ஓயாமல் மணலைக் கொண்டுவந்து கொட்டும். தண்டவாளத்தை மூடுகிற மணலை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். லெவாலா அந்த ஆட்களில் ஒருவர். மண்வெட்டியில் வந்த மணலில் ஒரு சிறு கல் மினுங்கியது. குனிந்து எடுத்தார். மேஸ்திரியான ஆகுஸ்ட் ஸ்டௌஹ் என்கிற ஜெர்மன்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டௌஹ் தன் கடிகாரக் கண்ணாடியில் அதை இழுத்துப் பார்த்தார். கீறல் விழுந்தது. சத்தம் காட்டாமல் நிலத்தில் தேடும் உரிமத்தை வாங்கினார், வேலையை விட்டார், பெரும் பணக்காரர் ஆனார். கோல்மன்ஸ்காப் என்று மணலில் ஒரு நகரமே எழுந்தது; இப்போது அதன் வீடுகளில் மணல் குடியிருக்கிறது, ஆட்கள் டிக்கெட் வாங்கிப் போட்டோ எடுக்கப் போகிறார்கள். லெவாலாவுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

இதுவரைக்கும் எல்லோரும் எழுதுவார்கள், ‘ஐயோ பாவம்’ என்று முடிப்பார்கள். எனக்கு அது போதாது. அந்தப் பாதையில் மணல் அள்ளியவர்கள் எத்தனையோ பேர். மேற்பார்வை பார்த்த துரைமார்கள் படித்தவர்கள். அவர் ஒருவர் மட்டும் ஏன் குனிந்தார்? லெவாலா அதற்கு முன்பு கிம்பர்லியில் வேலை பார்த்தவர். கச்சா வைரம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்; கடையில் இருக்கிற வைரம் மாதிரி அது சுடர் விடாது, வெளுத்த சோப்புத் துண்டின் மழுக்கம்தான் இருக்கும். அந்தத் தெரிதலை யாரும் அவருக்கு வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. சுரங்கத்தில் முதுகொடியக் கற்றதை அவர் பாலைவனத்துக்குக் கண்ணிலேயே கொண்டுவந்திருந்தார். அதை நாம் அதிர்ஷ்டம் என்று சொல்கிறோம். ஸ்டௌஹ் கடிகாரக் கண்ணாடியில் கீறிப் பார்த்ததை மட்டும் கண்டுபிடிப்பு என்கிறோம்!

சோவியத் நாட்டிலும் இதுதான். லரிசா போபுகாயெவா என்ற நிலவியலாளர் வைரத்தைத் தேடவே இல்லை. வைரத்தோடு சேர்ந்து மேலே வருகிற பைரோப் என்ற சிவப்புக் கார்னெட் மணிகளைத் தேடினார். ஓடை மணலை அலசி, எந்தப் பக்கம் சிவப்பு மணி கூடுகிறதோ அந்தப் பக்கமாகவே தவழாத குறையாகப் போய் 1954 ஆகஸ்டில் சைபீரியாவின் முதல் கிம்பர்லைட் குழாயைக் கண்டார். 1957-ல் லெனின் பரிசு மற்றவர்களுக்குப் போயிற்று. கனடாவில் நடந்ததும் இதே வழிதான். அதை எழுதினால் கடிதம் நீண்டுவிடும்.

நம் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாண்டிய நாட்டில் வைரம் விளையவில்லை. ஆனால் சிலப்பதிகாரத்து மதுரை மணிக்கடைத் தெருவில் வைரத்துக்கு என்னென்ன குற்றம் என்று பெயர் பெயராக வருகிறது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. கல் விளைகிற ஊர் வேறாக இருந்தாலும் குற்றம் பார்க்கிறவர்கள் மதுரையில் இருந்தார்கள். நீங்கள் செக்கிங் மேசையில் என்ன செய்கிறீர்கள்? துணி விழுந்த மாத்திரத்தில் இழை விட்டதையும் எண்ணெய்க் கறையையும் நிற வேறுபாட்டையும் எடுத்துவிடுகிறீர்கள். பக்கத்தில் நிற்கிற எனக்கு அது நல்ல பனியனாகத்தான் தெரியும். ஜொன்னகிரியில் உங்களுக்குக் கிடைக்கலாம் என்று சொன்னது இதனால்தான். போகச் சொல்லவில்லை, தேர்வுக்குப் படியுங்கள்.

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன். தாத்தா ‘சும்மா குழியில் கூலி வேலை’ பார்த்தாராம். அந்தச் சும்மாவை எங்கே கற்றீர்கள்?

என் சின்ன வயதில் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு லைன் இருந்தது. இலங்கையோடு 1964-ல் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் சில குடும்பம் அங்கே இருந்தார்கள். ஊரில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சிலோன்காரங்க என்பார்கள். அவர்களில் ஒரு கிழவர் இரத்தினபுரிக் குழிகளில் இருந்தவர். எங்களுக்குக் கல்லுத் தாத்தா. ரோடு போட மலையை வெட்டிய இடங்களில் மழைக்குப் பிறகு மண் சரிந்து கிடக்கும். அவர் ஒரு பழைய எனாமல் பேசினோடு வருவார். இரண்டு கை மண், ஓடைத் தண்ணீர், அப்புறம் ஒரு சுழற்று. முறத்தில் புடைக்கிறபோது பதர் தானாக விளிம்புக்குப் போகுமே, அப்படி லேசான மணலெல்லாம் தண்ணீரோடு விளிம்பேறி வழிந்துவிடும். அடியில் ஒரு பிறை மாதிரிக் கனமான பொடி நிற்கும்: கருமணல், நடுவே குங்குமப்பொட்டு அளவில் சிவப்பு மணிகள். வலது கையைக் குழலாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, இடது கை விரலில் ஒரு மணியை வெயிலுக்குப் பிடித்து எங்களையும் பார்க்கச் சொல்வார். நாங்கள் தள்ளுமுள்ளு போடுவோம். ‘இங்கன இல்லம் இல்ல பாப்பா, வெறும் மலமண்ணு’ என்பார். இரத்தினபுரியில் கல் கிடக்கிற சரளை அடுக்குக்கு இல்லம் என்று பேர்.

குழி எப்படி இருக்கும் என்றும் அவர்தான் சொன்னார். வயலுக்கு நடுவில் நேராகக் கீழே இறங்குகிற பள்ளம். சுவர் சரியாமல் இருக்க மரச்சட்டம் அடித்து, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே பெரணி இலையைத் திணிப்பார்கள். தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். இல்லத்தை மேலே ஏற்றிக் கூடையில் அலசிய பிறகு ஒருவர் மட்டும் கூடைக்கு முன்னால் உட்காருவார், மற்றவர்கள் பேசக்கூடாது. அவர் விரல் சரளைக்குள் போய்வருவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் கல்லுத் தாத்தா அந்த இடத்தில் உட்கார்ந்தவர். இங்கே வந்து ஃபேக்டரிக்கு விறகு பிளந்தார். என் அப்பா உட்பட எல்லோரும் அவரைக் கொஞ்சம் கழன்ற ஆள் என்றே நினைத்தார்கள். மண்ணை அலசுகிறவனை வேறென்ன நினைப்பது? 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று எழுதினார்கள். வந்து இறங்கியவர்களிடம் என்னென்ன தெரியும் என்று கேட்க அதில் ஒரு கட்டம் இருந்திருக்காது. எல்லோரும் ‘தோட்டத் தொழிலாளி’தான். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் டேன்டீயில் சேர்ந்திருப்பார்.

அப்புறம், வெள்ளைக்காரன் வைரத்தை மறைக்கத் தேயிலை நட்ட கதை. தம்பி, நீங்கள் பந்தலூர்க்காரர்! உங்கள் காலடியிலேயே பதில் இருக்கிறது. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் குறும்பரும் பணியரும் ஓடையில் தங்கம் அரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரனுக்கு ஆசை வந்தது. 1879-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற நிபுணரைக் கூட்டிவந்து ஆராய்ந்தார்கள். உடனே லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் பங்கு விற்றன. காட்டை வெட்டி, பாறையைக் குடைந்து, இயந்திரம் இறக்கி, சில வருடத்துக்குள் எல்லாம் திவால். செலவுக்குக் கட்டுகிற அளவு தங்கம் இல்லை. நீலகிரியில் தேயிலையோ அதற்கு முன்பே, 1860-களிலேயே, வியாபாரமாக நின்றுவிட்டது. மறைக்கிற ஜாதியா அவர்கள்? கிம்பர்லியில் இருந்தது ஒரு குன்று. 1914-க்குள் 2.25 கோடி டன் மண்ணை அள்ளி அதை 240 மீட்டர் ஆழக் குழியாக்கினார்கள். கிடைத்த வைரம் சுமார் 2,700 கிலோ. இங்கே வைரம் இருந்திருந்தால் தொட்டபெட்டா இன்று ஒரு குளமாக இருந்திருக்கும்.

இல்லாததற்குக் காரணமும் உண்டு. வைரம் தருகிற கிம்பர்லைட் குழாய்கள் பழைய, தடித்த கண்டப் பாறைகளைத் துளைத்து வருபவை. நமக்கு வடக்கே தார்வார் பாறைத் தொகுதியில் வஜ்ரகரூர் பக்கம் வந்திருக்கின்றன. நீலகிரி என்பது சார்னோக்கைட் பாறை, சுமார் 250 கோடி வயது. பூமியோட்டின் அடித்தட்டில் வெந்து பிறகு மேலே தூக்கப்பட்டது. இதில் வைரக் குழாய் எதுவும் பதிவாகவில்லை. தேயிலைக்காட்டு வழியில் சிவப்புக் கார்னெட் கிடைக்கும். அது போபுகாயெவா தேடிய ஜாதி இல்லை. தேவாலாவில் பழைய தங்கக் குழிகளுக்குள் இன்னும் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள், மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரிந்த பையன்கள் யாராவது போனால் தடுங்கள்.

உங்கள் வீட்டுக் கல்லை நான் பார்க்கவில்லை. ஆனால் இலங்கையில் வைரம் விளைவதில்லை. நீலம், மாணிக்கம், புஷ்பராகம், வைடூரியம் எல்லாம் உண்டு, வைரம் கிடையாது. நிறமில்லாத ஒரு கல் அங்கே வைரத்துக்குப் பதிலாக ரொம்ப காலம் விலைபோனது. அதற்கே மாத்தறை வைரம் என்று பேர். உண்மையில் அது சிர்கான் என்கிற வேறு கல். ஒரு லென்ஸ் வாங்குங்கள். கல்லை மேலிருந்து பார்த்து, அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புக் கோடுகளைக் கவனியுங்கள். சற்றே சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரிந்தால் சிர்கான். வைரத்தில் கோடு ஒற்றையாகத்தான் இருக்கும். சிர்கானில் பட்டை விளிம்புகள் நுணுக்கமாகச் சிதைந்தும் இருக்கும், காகிதப் பொட்டலத்தில் ஒன்றோடொன்று உரசினாலே சிதைகிற கல் அது. கோயம்புத்தூரில் கல் சோதிக்கிற லேப் ஒன்றில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள்.

சிர்கான் என்றால் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். இந்த பூமியிலேயே உருவாகி இதுவரை கிடைத்ததில் வயதான துண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த ஒரு சிர்கான் மணிதான், 440 கோடி வருடம். உங்களுடையது இலங்கைக் கல்லானால் 55 கோடிக்குப் பக்கம் இருக்கும்.

தாத்தாவுக்கு அது வைரமில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? கூடைக்கு முன் உட்கார்ந்தவரோ, மண் ஏற்றியவரோ, இரத்தினபுரியில் இருந்த ஆளுக்கு மாத்தறை வைரம் தெரியாமல் போக வழியில்லை. தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார். ஏன் என்று பாட்டிக்குத்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள்: எந்த ஊர்க் குழி, தாத்தாவுக்குக் கூலியா பங்கா, கூடை பார்த்தது யார், இந்தக் கல் அலசும்போது கிடைத்ததா, சம்பளத்துக்குப் பதிலாக வந்ததா, பட்டை தீட்டியது யார், ரவிக்கையில் தைக்கச் சொன்னது யார். போனில் பதிவு செய்துகொண்டே கேளுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள். கல்லின் போட்டோவை எனக்கு அனுப்ப வேண்டாம், போட்டோவில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். பாட்டி சொன்னதை எழுதி அனுப்புங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா
கோத்தகிரி